நேற்று கவனிக்காத காந்தாரம்

அன்புள்ள ஐயா,

எட்டு வருடமாக ஓர் இசைப் பத்திரிகைக்குச் சந்தா கட்டுகிறேன். இப்போது டிசம்பர் இதழைத் திறந்தாலே ‘இந்த சீசனில் கவனிக்கவேண்டிய பத்துப் பேர்’, யாருடைய ரீல்ஸ் ஓடுகிறது, இவ்வளவுதான். அந்தக் காலத்தில் இப்படி இல்லையே? போன வருடம் ஒரு மத்தியானக் கச்சேரியில் பதினைந்து பேர்தான் இருந்தோம். பிரமாதமாக இருந்தது. ஒருவரும் எழுதவில்லை. சந்தாவை நிறுத்திவிடலாமா?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

அந்தக் காலத்தை விடுங்கள். 1930களில் கல்கி ‘கர்நாடகம்’ என்ற பெயரில் கச்சேரி விமர்சனம் எழுதியது ஆனந்த விகடனில். குறுக்கெழுத்துப் போட்டி நடத்தி விற்ற பத்திரிகை அது. ரீல்ஸ் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

நானும் மூன்று சீசன் ஒரு பத்திரிகைக்கு எழுதியவன். பத்துப் பேர் பட்டியல் என்னிடமும் கேட்டார்கள், நவம்பர் முதல் வாரத்திலேயே. கொடுத்தேன். அதில் நான்கு பேரை நான் நேரில் கேட்டதே கிடையாது. அடுத்த வருடமும் ஒரு பெயரைச் சேர்த்தபோது ஆசிரியர் சொன்னார்: “சார், இவங்க போன வருஷமே வந்துட்டாங்களே.” வந்துவிட்டால் முடிந்ததாம்! அதற்கப்புறம் அவர் நன்றாகப் பாடினால் யாருக்கு என்ன?

எங்கள் பெரியப்பா கும்பகோணத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தார். அவரிடம் நாதஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராக இசைத்தட்டு ஒன்று இருந்தது. நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய தட்டு. ஒரு பக்கம் மூன்று நிமிடச் சொச்சத்தில் தீர்ந்துவிடும், எழுந்துபோய்த் திருப்பிப் போடவேண்டும். பஞ்சர் ஒட்டிய கையோடு தட்டைத் தொடமாட்டார். சோப்புப் போட்டுக் கழுவி, வேட்டியில் துடைத்து, விளிம்பைப் பிடித்துத்தான் எடுப்பார். பிள்ளைவாள் 1956இலேயே போய்விட்டார். நான் சொல்வது எழுபதுகளின் கடைசி. “நேத்தும் இதைத்தானே கேட்டீங்க பெரியப்பா?” என்றேன் ஒருநாள். “நேத்து காந்தாரத்தைச் சரியா கவனிக்கலைடா” என்றார்.

காந்தாரம் என்பது சரிகமபதநியில் ‘க’. தோடியில் அது ஓர் இடத்தில் நிற்காது. ஹார்மோனியத்தில் அதே சுரங்களை வரிசையாக அழுத்திப் பாருங்கள், தோடி வராது. அந்த அசைவில்தான் ராகமே இருக்கிறது. அது எங்கே தொடங்கி எங்கே போய்த் திரும்புகிறது என்று பிடிபட எனக்குப் பல வருடங்கள் ஆயின. அந்தக் காந்தாரத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதினால் வெட்டிவிடுவார்கள். பாடகியின் புடவைக்கு இரண்டு வரி உண்டு.

சரி, உங்களிடம் வருகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். எட்டு வருட ரசிகர் எழுதிய கடிதத்தில் ஒரு ராகத்தின் பெயர்கூட இல்லை! பத்துப் பேர் பட்டியலைத் திட்டுகிறீர்கள், ஆனால் அதைத்தான் முதலில் புரட்டியிருக்கிறீர்கள். மத்தியானக் கச்சேரியில் பாடியது யார்? வயலின் யார்? மிருதங்கக்காரரின் தனி ஆவர்த்தனத்துக்கு உட்கார்ந்திருந்தீர்களா, கேன்டீனுக்குப் போய்விட்டீர்களா? ஒருவரும் எழுதவில்லை என்று குறைப்படுகிறீர்கள். அந்தப் பதினைந்து பேரில் நீங்களும் ஒருவர்தானே?

ஆனாலும் ‘பிரமாதமாக இருந்தது’ என்ற அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதிலே. ஒரு வருடமாகியும் அந்த மத்தியானம் உங்களை விடவில்லை, பாருங்கள். அன்றைக்கு என்ன ராகம் விரிவாகப் பாடினார்கள், எந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். தப்பும் தவறுமாக இருந்தாலும் பரவாயில்லை, இங்கேயே போடுகிறேன்.

சந்தாவா? உங்கள் பணம், உங்கள் இஷ்டம்.