மன்னிப்பும் கணக்கு நோட்டும்

அன்புள்ள ஐயா,

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரிலிருந்து எழுதுகிறேன். பெயர் வேண்டாம். என் கணவரும் அவருடைய தம்பியும் சேர்ந்து ஒரு விசைப்படகு வைத்திருக்கிறார்கள். கணக்கு முழுவதும் கொழுந்தனார் கையில் இருந்தது. எங்களுக்குத் தெரியாமல் படகின் பெயரில் வியாபாரியிடம் 3 லட்சம் ரூபாய் முன்பணம் வாங்கிச் செலவழித்துவிட்டார். இன்ஜின் வேலை என்று சொல்லி வாங்கிப்போன என்னுடைய 6 பவுன் நகையும் அடகில் மூழ்கிவிட்டது. இந்தத் தவக்காலத்தில் வீட்டுக்கு வந்து அழுதார். ஓரியூர் திருத்தலத்துக்குப் போய்ச் சத்தியம் செய்துவிட்டு வந்ததாகச் சொன்னார். மன்னித்துவிட்டேன் என்றேன், மனதார. இப்போது கணக்கை மறுபடியும் தன்னிடமே தரச் சொல்கிறார். எனக்குத் தயக்கமாக இருக்கிறது. பங்கில் எங்கள் பகுதிக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டத்திலோ, "எழுபது தடவை ஏழுமுறை மன்னிக்கச் சொன்னார் ஆண்டவர், நீ முதல் தடவைக்கே கணக்குப் பார்க்கிறாயே" என்கிறார்கள். கொழுந்தனாரைப் பார்க்கக் கூசி, ஞாயிறு காலைத் திருப்பலியை விட்டுவிட்டு மாலையில் போகிறேன். நான் மன்னித்தது பொய்யா ஐயா?

அன்புள்ள சகோதரி,

பொய் இல்லை. அதை முதலில் நம்புங்கள்.

அன்பியத்தில் சொன்ன வசனம் மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில் வருகிறது. அதே அதிகாரத்தில், அதற்குச் சில வசனங்களுக்கு முன்னால், சகோதரன் உனக்கு எதிராகக் குற்றம் செய்தால் தனியாகப் போய் அவன் குற்றத்தை எடுத்துச் சொல், கேட்காவிட்டால் இரண்டொருவரைச் சாட்சியாகக் கூட்டிக்கொண்டு போ, அப்போதும் கேட்காவிட்டால் திருச்சபையிடம் சொல் என்று இயேசு படிப்படியாகச் சொல்கிறார். அதை விட்டுவிட்டு எழுபது தடவையை மட்டும் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் மீது எனக்குக் கோபம் வருகிறது. பாதிக்கப்பட்டவரின் வாயை அடைக்க அந்த வசனம் சொல்லப்படவில்லை.

நீங்கள் கடற்கரைக்காரர். உங்களுக்கு இதைச் சொன்னால் உடனே புரியும். மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் சீமோனும் அந்திரேயாவும் வலைகளை விட்டுவிட்டு இயேசுவின் பின்னால் போகிறார்கள். அந்த 'விட்டுவிட்டு' என்பதற்குக் கிரேக்க மூலத்தில் வருகிற வினைச்சொல்லும், 'எங்கள் குற்றங்களை மன்னியும்' என்று நாம் சொல்லும் செபத்தில் வருகிற வினைச்சொல்லும் ஒன்றுதான். மன்னிப்பது என்றால் கையிலிருந்து விடுவது. அதே கரையில் சற்றுத் தள்ளி, யாக்கோபும் யோவானும் படகில் உட்கார்ந்து வலையைப் பழுதுபார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பழுதுபார்ப்பதற்கு அங்கே உள்ள சொல் வேறு. தவறிப் போனவனைக் கனிவோடு திருத்துங்கள் என்று கலாத்தியருக்கு எழுதும்போது பவுல் எடுத்துக்கொள்வது இந்த இரண்டாவது சொல்லைத்தான்.

வலையை ஒரு நொடியில் கையிலிருந்து விட்டுவிடலாம். கிழிசலைப் பொத்துவதற்கு எத்தனை நாள் ஆகும் என்பதை உங்கள் வீட்டு ஆண்களைக் கேட்டால் சொல்வார்கள். பொத்துவதற்கு முன்னால் கிழிந்த ஓரத்தை இன்னும் கொஞ்சம் வெட்டிச் சீராக்க வேண்டும் என்பதையும் சொல்வார்கள். நைந்த நூலில் போட்ட முடிச்சு நிற்காது. உங்கள் கொழுந்தனார் அழுதது நல்லதுதான். ஆனால் எவ்வளவு வாங்கினார், எதற்குச் செலவழித்தார், இன்னும் எங்கே எவ்வளவு பாக்கி என்று எழுதிக் கொண்டுவந்து உங்கள் கணவர் முன்னால் வைத்தாரா? உங்கள் கடிதத்தில் அது இல்லை.

ஓரியூர் சத்தியத்தைப் பற்றி: புனிதர் அருளானந்தர் 1693-இல் விசுவாசத்துக்காகத் தலை கொடுத்த மண் அது. அந்தச் செம்மண்ணை நானும் நெற்றியில் பூசியிருக்கிறேன். கொழுந்தனார் செய்த சத்தியத்தைச் சந்தேகிக்க மாட்டேன். ஆனால் அது அவருக்கும் கடவுளுக்கும் இடையில் நடந்தது. உங்கள் 6 பவுனுக்கு அது ரசீது ஆகாது. வரி வசூலித்த சக்கேயு, இயேசு கூப்பிட்டு மரத்திலிருந்து இறங்கிய அன்றைக்கே, ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று தொகையைச் சொன்னான்.

எனக்கு இந்த விஷயத்தில் பழைய ஏற்பாட்டு யோசேப்புதான் பெரிய துணை. விற்றுப்போட்ட அண்ணன்மார் பஞ்சத்தில் தானியம் வாங்க எகிப்துக்கு வந்து நிற்கிறார்கள். இவனுக்கு அவர்களைத் தெரிகிறது, அவர்களுக்கு இவனைத் தெரியவில்லை. ஒதுங்கிப் போய் அழுகிறான். திரும்பி வந்து அவர்களில் ஒருவனான சிமியோனைக் கட்டிவைக்கிறான். சாக்குகளில் அவர்களுடைய பணத்தையே திருப்பி வைத்து அனுப்புகிறான், வீட்டில் இருக்கும் கடைசித் தம்பி பென்யமினைக் கூட்டிவரச் சொல்கிறான். கடைசியில் பென்யமின் சாக்கில் தன் வெள்ளிக் கிண்ணத்தை ஒளித்து வைத்து, அது யாரிடம் இருக்கிறதோ அவன் எனக்கு அடிமை என்கிறான். அன்று ஒரு தம்பியை விட்டுவிட்டுப் போனவர்கள் இன்று இன்னொரு தம்பியையும் விட்டுவிட்டுப் போவார்களா என்று பார்க்கிறான். யோசேப்பை விற்கலாம் என்று அன்றைக்கு யோசனை சொன்ன அதே அண்ணன் யூதா, பென்யமினுக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்று முன்னால் வருகிறான். அதைக் கேட்ட பிறகுதான், 'நான் யோசேப்பு' என்ற சொல் யோசேப்பின் வாயிலிருந்து வருகிறது. முதல் சந்திப்பிலேயே அழுதவன் அவன். அவன் நெஞ்சில் பகை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. இருந்தும் அவ்வளவு காலம் பொறுத்துப் பார்த்தான்.

மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் உங்கள் படகு கரையில்தான் நிற்கிறது. அந்த நாட்களில் அது உங்கள் படகு இல்லை என்று யாராவது சொல்வார்களா? கொழுந்தனாரும் அப்படித்தான். அவர் உங்கள் வீட்டுப் பிள்ளை, பந்தியில் அவருக்கு இலை போடுங்கள். படகில் வேலை செய்யட்டும், பங்கு வாங்கட்டும். அந்தப் பங்கிலிருந்து மாதம் இவ்வளவு என்று நகைக்கும் முன்பணத்துக்கும் கழியட்டும். மீன் ஏலம் போன ரசீது, டீசல் பில், ஐஸ் பில் எல்லாம் உங்கள் கணவர் கைக்கு நேராக வரட்டும். வியாபாரியிடம் போய், இனி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் முன்பணம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். கொழுந்தனார் கோபித்துக்கொண்டால் அந்தக் கோபமும் உங்களுக்கு ஒரு செய்தி. பொறுத்துக்கொண்டு செய்தால் அடுத்த வருடம் இதே நாளில் எனக்கு எழுதுங்கள், அப்போது வேறு பேசலாம்.

காலைத் திருப்பலியை மட்டும் அவருக்காக விட்டுக்கொடுக்காதீர்கள். வழக்கமான இடத்தில் போய் உட்காருங்கள். சமாதானம் சொல்லும் நேரத்தில் அவர் உங்களைப் பார்த்துக் கைகூப்பினால் நீங்களும் கைகூப்புங்கள். கணக்கு நோட்டு வீட்டில் உங்கள் பீரோவிலேயே இருக்கட்டும்.

அன்புடன்.