பங்குக் கோவிலில் இத்தனை வருடம் உழைத்தும் தாழ்ச்சி (பணிவு) வரவில்லை, என்ன செய்வது?

கோவில் வேலையெல்லாம் இழுத்துப்போட்டுச் செய்கிறேன், ஆனால் யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது, தாழ்ச்சியோடு சேவை செய்வது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் என்னைப் போல ஏதோ ஒரு பொறுப்பில் இருப்பவர் என்று நினைக்கிறேன்.

எங்களுக்குப் பட்டுக்கோட்டைப் பக்கம். வின்சென்ட் தே பவுல் சபையில் பல வருடம் இருந்தேன், ஆறு வருடம் தலைவர். 1833-ல் பாரிஸில் ஓசானாம் என்ற மாணவர் தன் நண்பர்களோடு தொடங்கிய சபை அது. ஏழைகளை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்ப்பதுதான் அதன் உயிர். கூட்டத்தில் இரகசியப் பை சுற்றி வரும். யார் எவ்வளவு போட்டார் என்று பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. பையை ஒழுங்காகச் சுற்றினோம், வீட்டுக்குப் போவதை விட்டுவிட்டோம். மாதத்தின் முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் வராண்டாவில் மேசை போட்டு உட்காருவேன். உதவி வாங்கும் ஏழைகள் வரிசையில் வந்து, நோட்டில் கைநாட்டு வைத்து, ஐந்து கிலோ அரிசி வாங்கிப் போவார்கள்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தது. வீட்டு ஓடு ஒன்று மிச்சமில்லை. வெளியே வந்தபோது உடைந்த ஓடு குதிகாலைக் கிழித்துவிட்டது. ரோடெல்லாம் மரம், ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. இரண்டாம் நாள் காலையில், என்னிடம் அரிசி வாங்கும் ஒரு அம்மா தூக்குவாளியில் கஞ்சியோடு வந்தார். நடவுக்குப் போகிறவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் என்னை ‘ஐயா’ என்றுதான் கூப்பிடுவார். அதுவரை அது என் காதில் உறுத்தியதே இல்லை.

சாப்பிட்டாச்சு என்று பொய் சொன்னேன். அவர் என் காலைப் பார்த்துவிட்டார். வெந்நீர் வைத்து, உப்புப் போட்டு, சேறும் ரத்தமும் காய்ந்திருந்த குதிகாலைப் பிடித்தார். வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். “எத்தனை வருசமா உங்க கையால வாங்குறேன், ஒரு நாளு நீங்க காலைக் காட்டக் கூடாதா?” என்றார்.

இயேசு சீடர்களின் பாதத்தைக் கழுவியதை நினைத்து, பெரிய வியாழன் அன்று சாமியார் பாதம் கழுவும் சடங்குக்கு இரண்டு வருடம் உட்கார்ந்தவன் நான். வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் போவோம். யோவான் நற்செய்தி 13-ல் சீடர் பேதுரு இயேசுவிடம் ‘என் காலைக் கழுவ விடமாட்டேன்’ என்று மறுத்ததைப் பணிவு என்றுதான் நினைத்திருந்தேன். அன்றைக்கு அது கௌரவம் என்று தோன்றியது. நான் இறையியல் படித்தவன் அல்ல, தவறென்றால் படித்தவர்கள் திருத்துங்கள்.

அப்புறம் நிவாரண வண்டிகள் வந்தன. மூட்டையின் ஒரு முனையை நானும் மறுமுனையை அவர்களும் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்க்கச் சொன்னார்கள். கொடுத்தவர்களைக் குறை சொல்லவில்லை, அந்த அரிசியில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. தென்னை கணக்கெடுக்க வந்தவர்கள்மேல்தான் இன்னும் ஆறவில்லை. வேரோடு சாய்ந்ததை மட்டும் எண்ணினார்கள். குருத்து முறுக்கிக்கொண்டு நின்ற மரங்களைக் காட்டினால், ‘அது நிக்குதே’ என்றார்கள். மூன்று மாதத்தில் எல்லாம் பட்டுப்போயின. ஒரு தென்னை காய்க்க எத்தனை வருடம் காத்திருக்க வேண்டும் என்று தெரிந்தவர்களுக்குத்தான் இந்த வலி புரியும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் யாருக்குச் சேவை செய்கிறீர்களோ, அவர்கள் கையால் எதையாவது வாங்கியிருக்கிறீர்களா? இல்லையென்றால் அங்கே தொடங்குங்கள். மேசையையும் நோட்டையும் அந்த வருடமே எடுத்துவிட்டோம். இப்போது பொழுது சாய்ந்ததும் இரண்டு பேராக வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். கொடுத்துவிட்டு உடனே கிளம்புவதில்லை, உட்கார்ந்து பேசுகிறோம். ‘தம்பி’ என்று கூப்பிடச் சொல்லி அந்த அம்மாவிடம் பலமுறை கேட்டுவிட்டேன், வாயில் வரவில்லை என்கிறார். போன முறை வீட்டில் டீத்தூள் இல்லையென்று நீராகாரத்தில் உப்புப் போட்டு, சின்ன வெங்காயம் கடித்துக்கொள்ளக் கொடுத்தார். திண்ணையில் உட்கார்ந்து குடித்துவிட்டு வந்தேன்.