பயம் போகும்வரை காத்திருக்க வேண்டாம்

அன்புள்ள அக்கா,

எனக்கு 26 வயது. கோத்தகிரி பக்கம் சின்னத் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறோம். நாலு பேர் முன்னால் வாயைத் திறந்தாலே முகமும் கழுத்தும் சூடாகிச் சிவந்துவிடும். அதை மறைக்க வெயில் நாளிலும் மஃப்ளர்தான். பஸ்ஸை நிறுத்தச் சொல்லக் குரல் வராமல் அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்ப நடந்திருக்கிறேன். கல்யாண வீடுகளுக்குப் போவதே இல்லை. பள்ளியிலிருந்தே இப்படி. இது வெறும் கூச்சமா? பயத்தைப் போக்கிவிட்டு வெளியே பழகலாம் என்று பார்க்கிறேன், எப்படி?

ஆர்.

அன்புள்ள தம்பி,

அந்த வரிசையில் செய்தால் நடக்காது. பழகப் பழகத்தான் பயம் இறங்கும்.

கல்யாண வீட்டில் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருகிறவருக்கு வைத்தியம் வேண்டாம், அது கூச்சம். ஆனால் ஆறு மாதத்துக்கும் மேலாக, போக வேண்டிய இடங்களுக்கே போகாமல் வாழ்க்கை சுருங்கினால் அதற்குச் சமூகப் பதற்றக் கோளாறு என்று பெயர். மருத்துவர்தான் உறுதி செய்யவேண்டும். பெரும்பாலும் பதின்வயதில் தொடங்குவது. உங்கள் குணத்தில் எந்தக் குறையும் இல்லை.

மஃப்ளரைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1995-ல் இந்தப் பயம் ஏன் தானாகக் குறைவதில்லை என்று விளக்கினார்கள். பேசும்போது நம் கவனம் எதிரே இருப்பவரை விட்டு நம் மேலேயே திரும்பிவிடுகிறது, கழுத்து எரிகிறது என்றால் அது ஊருக்கே தெரிகிறது என்று நம்பிவிடுகிறோம், அதை மறைக்க ஏதாவது செய்கிறோம். மஃப்ளரைச் சுற்றினால் கழுத்து இன்னும் சூடாகும், டீ கிளாஸை இறுக்கிப் பிடித்தால் கை இன்னும் நடுங்கும். அதைவிட மோசம், ஒன்றும் ஆகாமல் வீடு திரும்பினாலும் 'மஃப்ளர் காப்பாற்றியது' என்றுதான் மனசு கணக்கு எழுதும்.

அதனால் ஒரு நாள் அது இல்லாமல் சந்தைக்குப் போய் கேரட் விலை கேளுங்கள். போகும் முன் என்ன நடக்கும் என்று பயப்படுகிறீர்களோ அதை ஒரு வரி எழுதிவையுங்கள். பேசும்போது கடைக்காரர் முகத்தைப் பாருங்கள், அவர் சொல்வதைக் கேளுங்கள். வந்தபிறகு எழுதியதோடு ஒப்பிடுங்கள். பஸ், கல்யாணமெல்லாம் அப்புறம், ஒவ்வொன்றாக. சில நாள் மோசமாகவும் போகும், அதற்காக நிறுத்திவிடாதீர்கள்.

தைரியத்துக்கு ஒரு ரவுண்டு என்று யார் சொன்னாலும் தயவுசெய்து கேட்காதீர்கள். மலையில் நல்ல பிள்ளைகள் பலர் அப்படித்தான் குடிக்குள் போனார்கள். மருத்துவர் மாத்திரை எழுதினால் வெட்கப்பட வேண்டாம், வேலை செய்யச் சில வாரம் ஆகும், நாமாக நிறுத்தக் கூடாது.

சின்ன ஊர், ஆஸ்பத்திரி வாசலில் தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ என்ற தயக்கம் எனக்குப் புரிகிறது. 14416, டெலி மானஸ், அரசின் இலவச மனநல உதவி எண், எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். முன்கூட்டி வாக்கியங்களை ஒத்திகை பார்ப்பதும் மஃப்ளர் மாதிரி ஒரு மறைப்புதான், ஆனால் இந்த முதல் அழைப்புக்கு மட்டும் சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி அப்படியே படித்துவிடுங்கள்.