மச்சான் சொல்கிறார், ஜீனோம் டெஸ்ட் எடுக்கலாமா?

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் இருக்கிறோம். கைக்கு வரும் சம்பளம் 82,000. அப்பா 54 வயதில் மாரடைப்பில் போய்விட்டார். அதனால் அம்மா, நான், மனைவி, இரண்டு பிள்ளைகள் எல்லோரும் முழு ஜீனோம் டெஸ்ட் (உடலின் மரபணுத் தகவல் முழுவதையும் படிக்கும் சோதனை) எடுத்தே ஆகவேண்டும் என்று மச்சான் நெருக்குகிறார். ஆளுக்கு 45,000. கிரெடிட் கார்டில் 24 மாத நோ-காஸ்ட் இ.எம்.ஐ. உண்டாம். கார்டில் ஏற்கெனவே 1,40,000 பாக்கி. மாதாமாதம் மினிமம் கட்டிவிடுகிறேன். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். "மினிமம் கட்டிவிடுகிறேன்" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, வினையே அதில்தான். மாதம் மூன்றரை சதவீதம் என்றால் 1,40,000-க்கு வட்டி 4,900. அதன்மேல் ஜி.எஸ்.டி. 882. மினிமம் என்று நீங்கள் கட்டுவது 7,000 இருக்கும். அசலில் கழிவது 1,200 சொச்சம்தான். பாக்கி நிற்கும்வரை, அதே கார்டில் வாங்கும் மளிகைக்கும் பெட்ரோலுக்கும் தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடும். இந்த நிலையில் இன்னொரு 2,25,000 ஏற்றினால் மாதம் 9,375 கூடுதல் சுமை.

சம்பளம் வரும் வங்கியில் 14 சதவீதத்துக்குப் பர்சனல் லோன் கேளுங்கள். 1,40,000-க்கு 24 மாதத் தவணை 6,700 சொச்சம் வரும். இப்போது கட்டும் 7,000-க்குள்ளேயே இரண்டு வருடத்தில் கடன் தீர்ந்துவிடும். கார்டை மறுபடி தேய்க்கக் கூடாது, அவ்வளவுதான்.

டெஸ்ட் ஓடிப்போகாது. 2001-ல் ஒரு மனித ஜீனோமைப் படிக்க ஏறக்குறைய 10 கோடி டாலர் ஆனது. 2014-ல் ஆயிரம் டாலர் என்றார்கள். 2022-ல் இல்லுமினா நிறுவனம் தன் புது இயந்திரத்தில் 200 டாலருக்கே முடியும் என்றது. லேப் கட்டணம், டாக்டரின் விளக்கம் எல்லாம் தனி என்றாலும், விலை இறங்கிக்கொண்டே வரும் ஒன்றைக் கடனில் வாங்க என்ன அவசரம்?

அப்பாவை நினைத்து வரும் பயம் நியாயமானது. அதற்கு முதலில் பார்க்க வேண்டியவர் இதய டாக்டர். பி.பி., சுகர், கொழுப்பு, பரம்பரையாக ரத்தத்தில் கூடும் லைப்போபுரோட்டீன் (ஏ) என்ற கொழுப்புத் துகள் எல்லாம் சில ஆயிரத்தில் முடியும். பரம்பரைக் கோளாறு என்று அவர் சந்தேகப்பட்டால், முதலில் ஒருவருக்கு மட்டும் ஜீன் டெஸ்ட் போதும். ஜீனில் ஏதாவது மாற்றம் தெரிந்தால் மற்றவர்களுக்கு அந்த ஒரு மாற்றத்தை மட்டும் தேடினால் ஆயிற்று. ஐந்து பேருக்கும் முழுப் பேக்கேஜ் என்பது விற்பவருக்குத்தான் வசதி.

சொந்தமாக மெடிக்கல் பாலிசி இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. ஆபீஸ் பாலிசி வேலையோடு போய்விடும். அம்மாவுக்குத் தனியாக, உங்கள் நால்வருக்கும் சேர்த்து ஒன்று என இந்த வருடமே எடுங்கள்.

மச்சானுக்கு இதில் கமிஷன் ஏதாவது உண்டா என்று மனைவியை விட்டுக் கேளுங்கள். லோன் கிடைத்துக் கார்டு பாக்கி அடைந்த அன்றே, லிமிட்டை 30,000-ஆகக் குறைக்கச் சொல்லி வங்கிக்கு எழுதிக் கொடுங்கள்.