ஒரே கிருமி, இரண்டு உடம்பு

அன்புள்ள டீச்சர்,

என் அண்ணன் கம்பத்திலிருந்து வண்டன்மேட்டுக்கு ஏலத்தோட்ட ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுகிறான். முழங்கையில் ஒரே ஒரு தேமல், தொட்டால் உணர்ச்சி தெரியவில்லை. காட்டியதில் தொழுநோய் என்றார்கள். தோட்டத்து ஸ்டோரில் காய் உலர்த்தும் எங்கள் மாமாவுக்கும் அதே நோய். ஆனால் அவருக்குக் காதுமடல் தடித்து, முகமெல்லாம் முடிச்சாக இருக்கிறது. "உங்க அண்ணனுக்கு எதிர்ப்புச் சக்தி ஜாஸ்தி, மாமாவுக்கு ரத்தமே கெட்டுப்போச்சு" என்கிறார்கள் தெருவில். மாமா மனசொடிந்து ஏதோ சக்திப் பொடி வாங்கிச் சாப்பிடுகிறார். செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லச் சுரக்கும் சைட்டோகைன் பற்றி முன்பு எழுதியிருந்தீர்களே, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

மு., கம்பம்

அன்புள்ள தம்பி,

உண்டு. தெருவில் சொல்வது தப்பு என்பதை முதலில் மாமாவிடம் சொல்லிவிடுங்கள். அவர் உடம்பு சும்மா இருக்கவில்லை. ரத்தத்தைச் சோதித்தால் அந்தக் கிருமிக்கு எதிரான ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதம் பெரும்பாலும் உங்கள் அண்ணனைவிட அவருக்குத்தான் அதிகமாக இருக்கும். ஆனால் தொழுநோய்க் கிருமி, கிருமியை விழுங்கி நம்மைக் காக்க வேண்டிய மேக்ரோஃபேஜ் செல்லுக்குள்ளேயே குடியேறிவிடுகிறது. வெளியே எத்தனை ஆன்டிபாடி சுற்றினாலும் உள்ளே போய்ப் பிடிக்க முடியாது.

காலில் முள் ஏறினால் தொடை இடுக்கில் நெறி கட்டுமே, உடம்பு கிருமியை எப்படி எதிர்ப்பது என்று முடிவாகும் இடம் அதுபோன்ற நெறிதான். டென்ட்ரிடிக் செல் என்ற காவல் செல், கிருமியின் துண்டை அங்கே கொண்டுவந்து, எதிர்ப்பை நடத்தும் உதவி டி செல்லிடம் காட்டும். அதை அடையாளம் காணும் டி செல்லுக்கு, சிடி28 என்ற புரதத்தின் வழியாக இன்னொரு ஒப்புதலும் வேண்டும். அது கிடைக்காவிட்டால் செல் மரத்துப்போகும். மூன்றாவதாக வருவதுதான் சைட்டோகைன். உங்கள் அண்ணன் தினமும் பார்ப்பதுதான்: விடியற்காலையில் கங்காணி முகம் பார்த்து ஆளைக் கூப்பிடுகிறார், ஏறச் சொல்கிறார். எந்தத் தோட்டம் என்று சொன்ன பிறகுதானே வண்டி கிளம்பும்?

இன்டர்லூகின்-12 என்ற சைட்டோகைன் வந்தால் உதவி செல் டிஎச்1 வகையாகிறது. அது இன்டர்ஃபெரான் காமாவைச் சுரந்து மேக்ரோஃபேஜை உசுப்பிவிடும்; உள்ளே குடியிருக்கும் கிருமி சாகும். இன்டர்லூகின்-4 வந்தால் டிஎச்2 வகையாகி ஆன்டிபாடி உற்பத்திக்குத் துணைபோகும். எந்தப் பக்கம் போனாலும் இன்டர்லூகின்-2 தான் அந்த செல்லைப் பெருகவைக்கிறது. இதில் எனக்கு இன்றும் வியப்பு தருவது, ஒரு பக்கம் கை ஓங்கியதும் அதன் சுரப்பே மறுபக்கத்தை அமுக்கிவிடுவதுதான். இன்டர்ஃபெரான் காமா டிஎச்2-வை வளரவிடாது, இன்டர்லூகின்-4 டிஎச்1-ஐ வளரவிடாது. தொடக்கத்தில் லேசாகச் சாய்ந்தது போகப்போக ஒரேயடியாகச் சாய்ந்துவிடும்.

எலியின் உதவி செல்களில் இந்த இரண்டு வகை உண்டு என்று மோஸ்மன், காஃப்மன் என்ற விஞ்ஞானிகள் 1986-இல் எழுதினார்கள். மனிதரில் அது கண்முன் தெரிந்தது தொழுநோயில்தான். 1991-இல் நோயாளிகளின் தோலை எடுத்துச் சோதித்தபோது, ஒன்றிரண்டு தேமலோடு நின்றவர்களிடம் இன்டர்லூகின்-2, இன்டர்ஃபெரான் காமா. முடிச்சுகள் பரவியவர்களிடம் இன்டர்லூகின்-4, இன்டர்லூகின்-10. பலர் இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பவர்கள். உதவி செல்லிலும் வேறு வகைகள் பின்னால் தெரியவந்தன. யார் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்பதில் பிறப்போடு வந்த மரபணுவுக்கும் பங்கு உண்டு. மாமா செய்த பாவம் எதுவும் இதில் இல்லை.

அண்ணனும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. அவர் உடம்பு கிருமியை வளைக்கும் வேகத்தில் நரம்பும் சேர்ந்து அடிபடும். முழங்கையின் உள்பக்கம் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை சுரீரென்று பாயுமே, அந்த நரம்பைத்தான் இந்த நோய் அடிக்கடி பிடிக்கிறது. தேமல் திடீரென்று சிவந்து வீங்கினாலோ, நரம்பு வலித்தாலோ, சுண்டுவிரல் மடங்கினாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். அப்போது ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பார்கள். அது அந்தக் கொந்தளிப்பை அடக்குகிற மருந்து. எதிர்ப்பு கூடக் கூட நல்லது என்றால் அதை எதற்குக் கொடுக்கப்போகிறார்கள்? சக்திப் பொடியின் மேல் எனக்கு இருக்கும் கோபம் இதுதான். அதை நம்பி மாமா மாத்திரையை விட்டுவிடக் கூடாது. கூட்டு மருந்து அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். தேமல் குறைவாக இருந்தால் 6 மாதம், நிறைய இருந்தால் 12 மாதம். மருந்து தொடங்கிய கொஞ்ச நாளிலேயே அவரிடமிருந்து நோய் பரவாது. ஒரே திண்ணையில் தாராளமாக உட்காருங்கள்.

நான் வேலை பார்த்த பள்ளிக்கு ஒருமுறை சுகாதார ஊழியர் வந்தார். பஞ்சை நூல்போலத் திரித்து, கண்ணை மூடச் சொல்லி, தொட்ட இடத்தைக் காட்டச் சொன்னார். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மணிக்கட்டு, புறங்கை, தோள் என்று சரியாகக் காட்டிக்கொண்டே வந்தாள். முன்கையில் ஓரிடத்தில் பஞ்சு பட்டபோது விரலை அசைக்காமல் அடுத்த தொடுதலுக்காகக் காத்திருந்தாள். சீக்கிரம் கண்டுபிடித்ததால் கை முழுசாகத் தப்பியது.

வாரம் ஒருமுறை நீங்களே பஞ்சு திரித்து இரண்டு பேருக்கும் கையும் காலும் பாருங்கள். மாமா ஸ்டோரில் சூடான தட்டை எடுக்கும்போது, சுடுகிறதா என்று விரலைக் கேட்காமல், தடித்த துணியைச் சுற்றிக்கொண்டே எடுக்கட்டும்.