பதினைந்து மணி நேர விமானப் பயணம்: முழங்கால் வலி உள்ளவருக்கு எந்த இருக்கை?

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது. வலது முழங்காலை நெடுநேரம் மடக்கி வைத்திருந்தால் அவருக்கு வலி எடுத்துவிடுகிறது. அவரும் நானும் மட்டும் 15 மணி நேர இரவு விமானத்தில் எகானமி வகுப்பில் செல்லவிருக்கிறோம். விமானம் போயிங் 777-300இஆர். காலை நீட்ட வசதியுள்ள இருக்கைகளுக்குத் தனிக் கட்டணம் கேட்கிறார்கள். அதைக் கொடுத்து வாங்கலாமா? சாதாரண இருக்கைகளிலேயே எங்களுக்குப் பொருத்தமானவை உண்டா?

பதில்: உங்கள் கடிதத்தில் மிகவும் பயனுள்ள சொல் ‘வலது’ என்பதுதான். இடைவழியோர இருக்கை வேண்டும் என்று கேட்பவர்கள் பலர். இடைவழி தமக்கு எந்தப் பக்கம் அமையும் என்பதைக் கவனிப்பவர்கள் மிகச் சிலர். முழங்கால் வலி உள்ளவருக்கு அதுதான் முதலில் பார்க்க வேண்டிய செய்தி.

நீங்கள் செல்லும் விமானத்தில் இப்போது பெரும்பாலான நிறுவனங்கள் ஒரு வரிசைக்குப் பத்து இருக்கைகளை, மூன்று, நான்கு, மூன்று என்று பிரித்து வைத்திருக்கின்றன. விமானத்தின் மூக்கை நோக்கி அமர்ந்தால் இடப்பக்கச் சன்னலில் தொடங்கி ஏ, பி, சி, இடைவழி, டி, இ, எஃப், ஜி, மறுபடியும் இடைவழி, எச், ஜே, கே என்று எழுத்துகள் வரும். (ஐ என்ற எழுத்து 1 என்ற எண்ணைப்போல் தெரியும் என்பதால் அதை விட்டுவிடுவார்கள்.) இந்த நான்கு இடைவழியோர இருக்கைகளில் சி, ஜி ஆகிய இரண்டுக்கு மட்டுமே இடைவழி வலப்புறம் இருக்கிறது. டி, எச் இருக்கைகளில் அமர்ந்தால் அது இடப்புறம் அமையும். அங்கே உங்கள் அம்மா தம் வலது காலை நீட்ட முயன்றால் பக்கத்தில் இருப்பவரின் கால்கள்தாம் தடுக்கும். ஆகவே சி, ஜி இரண்டில் ஒன்று என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இந்த இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் இரவு முழுவதும் அமர்ந்து பார்த்தால் வேறுபாடு தெரியும். சி இருக்கையில் இருப்பவரைக் கடந்துதான் ஏ, பி இருவருமே வெளியே வர முடியும். ஒவ்வொருவரும் மூன்று முறை எழுந்தால், போக ஆறு, வர ஆறு என்று பன்னிரண்டு முறை அவர் எழுந்து வழிவிட வேண்டியிருக்கும். நடுத் தொகுதியில் உள்ள ஜி இருக்கையில் அப்படியில்லை. எஃப் இருக்கையில் இருப்பவர் மட்டுமே அவரைக் கடந்து வருவார்; இ இருக்கையில் இருப்பவர் மறுபக்கம் டி வழியாகப் போய்விடுவார். சுமை நேர்பாதியாகக் குறைகிறது. முழங்கால் வலியோடு இருக்கும் ஒருவருக்கு, உட்கார்ந்திருப்பதைவிட அரைத் தூக்கத்தில் திடீரென்று எழுந்து நின்று மறுபடி உட்காருவதே பெரும்பாலும் கடினம் என்பதால், சிறந்த இருக்கை எது என்ற கேள்வியை நான் எப்போதும் ‘யார் யாரைக் கடந்து போக வேண்டும்’ என்ற கணக்கிலிருந்துதான் தொடங்குவேன். கால் இடவசதி, சத்தம், ஆட்டம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்தக் கணக்கின்படி உங்கள் இருவருக்கும் நான் முதலில் பரிந்துரைப்பது நடுத் தொகுதியில் எஃப், ஜி என்ற இணையையே. அம்மா ஜி இருக்கையிலும் நீங்கள் எஃப் இருக்கையிலும் அமர்ந்தால், அவரைக் கடக்க வேண்டிய ஒரே ஆள் நீங்கள்தான். அவர் எழும் நேரம் பார்த்து நீங்களும் எழுந்துகொள்ளலாம். அன்னியர் ஒருவர் அவரைத் தட்டி எழுப்பும் நிலை வராது. சி, பி என்று வாங்கினால் ஏ இருக்கையில் வேறொருவர் இருப்பார். அவர் உங்கள் இருவரையும் எழுப்புவார். ஒரே குடும்பத்தினர் மூவர் செல்வதாக இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு மாறும்: ஏ, பி, சி மூன்றையும் எடுத்துக்கொண்டு, வலது கால் வலியுள்ளவரை சி இருக்கையில் அமர்த்தலாம். அப்போதும் எச், ஜே, கே அவருக்கு ஆகாது.

இன்னொரு வாய்ப்பும் உண்டு; பலர் அதைப் பொருட்படுத்துவதில்லை. விமானத்தின் உடல் வால் பகுதியை நோக்கிக் குறுகிக்கொண்டே போவதால், 777 விமானத்தின் கடைசிச் சில வரிசைகளில் சன்னல் ஓரத்தில் மூன்று இருக்கைகள் பொருந்துவதில்லை. அங்கே பொதுவாக இரண்டு, நான்கு, இரண்டு என்று இருக்கும். இடப்பக்கத்து இரட்டை இருக்கையில் நீங்கள் சன்னலோரமும் அம்மா இடைவழியோரமும் அமர்ந்தால், இடைவழி அவருக்கு வலப்புறம் வரும். அன்னியர் எவரும் உங்களைக் கடக்க மாட்டார்கள். சன்னலுக்கும் இருக்கைக்கும் இடையே சற்று இடைவெளியும் கிடைக்கும். குறைகளும் இருக்கின்றன. பின்பகுதியில் ஆட்டம் கூடுதலாகத் தெரியும், கழிவறைக்குக் காத்திருப்பவர்கள் அருகில் நிற்பார்கள், உணவு வண்டி வருவதற்குள் விருப்பமான உணவு தீர்ந்துபோகவும் கூடும். இறங்குவதிலும் கடைசியாகத்தான் இறங்குவீர்கள். ஆனால் அம்மாவுக்குச் சக்கர நாற்காலி உதவி கேட்டிருந்தால், அந்த உதவி பெறுபவர்களைப் பொதுவாக மற்றவர்கள் இறங்கிய பிறகே இறக்குவார்கள் என்பதால், பின்பக்கம் அமர்வதால் உங்களுக்கு இழப்பு அதிகமில்லை. அவ்வாறு இரட்டை இருக்கை எடுப்பதாக இருந்தால் கடைசி வரிசையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பின்னால் சுவர் இருப்பதால் சில விமானங்களில் அந்த இருக்கை முழுமையாகச் சாயாது.

தனிக் கட்டணம் பற்றிக் கேட்டீர்கள். அந்த இருக்கைகள் இரண்டு வகை. அவசர வழியை ஒட்டிய வரிசை முதல் வகை. அங்கே கால் நீட்ட நிறைய இடம் இருக்கும் என்பது உண்மை. ஆனால் ஆபத்து நேரத்தில் கதவைத் திறக்கவும், பணியாளர் சொல்வதைப் புரிந்துகொண்டு மற்றவர்களுக்கு உதவவும் முடிந்தவர்களைத்தான் அங்கே அமர அனுமதிப்பார்கள். குழந்தைகள், கர்ப்பிணிகள், நடமாட்டத்தில் சிரமம் உள்ளவர்கள் அங்கே அமர இயலாது. அம்மாவுக்குச் சக்கர நாற்காலி கேட்டிருந்தால், பணம் கட்டி வாங்கியிருந்தாலும் விமானத்தில் ஏறும் இடத்தில் இருக்கையை மாற்றிவிடுவார்கள். இது உயிர் காக்கும் விதி. இதை மறைத்து அமர முயல்வது தவறு.

இரண்டாவது வகை, தடுப்புச் சுவரை ஒட்டிய முதல் வரிசை. முன்னால் யாரும் இருக்கையைச் சாய்க்க மாட்டார்கள் என்பது இதன் பெரிய வசதி. ஆனால் சுவர் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பது விமானத்துக்கு விமானம் மாறும். சாதாரண வரிசையில் முன் இருக்கைக்கு அடியில் பாதத்தை நுழைத்துக் காலை ஓரளவு நேராக்க முடியும். சுவர் அருகில் இருந்தால் அதுவும் முடியாமல் போய், வலி கூடிவிடும். மேலும் சாப்பாட்டுத் தட்டும் திரையும் கைப்பிடிக்குள் மடங்கி இருப்பதால் கைப்பிடியை உயர்த்த முடியாது, இருக்கையின் அகலமும் சற்றுக் குறையும். புறப்படும்போதும் இறங்கும்போதும் கைப்பையை மேல் பெட்டியில் வைத்தாக வேண்டும் என்பதால் மருந்தைச் சட்டைப் பையிலோ இடுப்புப் பையிலோ வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். கைக்குழந்தைகளுக்கான தொட்டில் மாட்டும் இடமும் அந்தச் சுவர்தான். உங்கள் நிலையில் அந்தக் கட்டணத்தைக் கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. எஃப், ஜி இணையை முன்கூட்டியே உறுதிசெய்ய ஒரு சிறு கட்டணம் கேட்டால், அதைக் கொடுப்பது தகும்.

ஒரு எச்சரிக்கை. இடைவழியில் காலை நீட்டி வைத்தபடியே உறங்கிவிடக் கூடாது. விமானம் புறப்படும்போதும் இறங்கும்போதும் இடைவழி முற்றிலும் காலியாக இருக்க வேண்டும். உணவு வண்டி கனமானது, இருட்டில் நடப்பவர்கள் காலைக் கவனிக்காமல் தடுக்கி விழக்கூடும். விழித்திருக்கும் நேரத்தில் சில நிமிடங்கள் நீட்டி மடக்குவதற்குத்தான் அந்த இடம். பல விமானங்களில் இடைவழிப் பக்கக் கைப்பிடியின் அடியில், பின்புறக் கீலுக்கு அருகில் ஒரு சிறு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் கைப்பிடி மேலே எழும். முழங்காலை முறுக்காமல் பக்கவாட்டில் திரும்பி எழுந்திருக்க அது பேருதவி. கண்டுபிடிக்க முடியாவிட்டால் பணியாளரிடம் கேளுங்கள்.

எழுந்து நடப்பதை வலிக்காக மட்டும் சொல்லவில்லை. நீண்ட நேரம் அசையாமல் இருப்பதால் கால் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறையும் ஆபத்து பற்றி உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு, நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணங்களில் அந்த ஆபத்து ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று கண்டது. உடல்நலம் உள்ளவர்களுக்கு அது சுமார் 6,000 பேரில் ஒருவர் என்ற அளவுதான் என்பதால் அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் வயது, அண்மையில் நடந்த அறுவைச் சிகிச்சை, முன்பு ரத்த உறைவு ஏற்பட்டது போன்றவை இருந்தால் ஆபத்து கூடும். அம்மாவுக்கு இவற்றில் ஏதேனும் பொருந்தினால், அழுத்தக் காலுறை தேவையா என்று பயணத்துக்கு முன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். அமெரிக்க மார்பு நோய் மருத்துவர்கள் கல்லூரி 2012இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சன்னலோர இருக்கையையே ஒரு ஆபத்துக் காரணியாகக் குறிப்பிட்டது. அங்கே அமர்பவர்கள் எழுந்து நடப்பது குறைவு என்பதே அதற்குக் காரணம். சன்னலில் தலை சாய்த்துத் தடையின்றி உறங்கலாம் என்பது உடல்நலம் நன்றாக உள்ளவர்களுக்கு நல்ல காரணம்தான். அம்மாவுக்கு அந்த இருக்கையைக் கொடுக்காதீர்கள்.

இனி எந்தப் பகுதியில் அமர்வது என்பது. இறக்கைக்கு அருகில்தான் விமானத்தின் புவியீர்ப்பு மையம் இருக்கிறது. குழந்தைகள் விளையாடும் ஏற்ற இறக்கப் பலகையின் (சீசா) நடுவில் இருப்பவருக்கு ஆட்டம் குறைவாகத் தெரிவதைப்போல, அங்கே அமர்பவருக்குக் காற்றின் குலுக்கல் குறைவாகத் தெரியும். எஞ்சினுக்கு முன்னால் சத்தம் குறைவு; பின்னால் போகப்போக இரைச்சல் கூடும். அம்மாவுக்குக் குமட்டல் வருவது வழக்கம் என்றால் இறக்கைக்கு நேராக உள்ள வரிசைகளில் எஃப், ஜி இணையைத் தேடுங்கள். கழிவறைக்கு ஐந்தாறு வரிசைகள் தள்ளி அமர்வது நல்லது. நடந்து போகும் தூரமும் அதிகமிராது, கதவுச் சத்தமும் வெளிச்சமும் உறக்கத்தைக் கெடுக்காது. உணவு தயார் செய்யும் இடத்தை ஒட்டி அமர்ந்தால் இரவெல்லாம் பேச்சுக் குரலும் பாத்திர ஒலியும் கேட்கும்.

பாதுகாப்பான இருக்கை எது என்று பலர் கேட்பதுண்டு. ஒவ்வொரு விபத்தும் ஒவ்வொரு விதம் என்பதால், இந்த வரிசைதான் பாதுகாப்பு என்று எவராலும் உறுதி தர முடியாது. அமர்ந்தவுடன் முன்னும் பின்னும் உள்ள அவசர வழிகள் எத்தனை வரிசை தள்ளி இருக்கின்றன என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். புகை சூழ்ந்தால் கண்ணுக்குத் தெரியாது, கையால் இருக்கைகளைத் தொட்டு எண்ணித்தான் போக வேண்டியிருக்கும்.

இன்னும் பயணச்சீட்டு எடுக்காத வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: இருக்கையைத் தேடுவதற்கு முன் விமானத்தைத் தேடுங்கள். 777 விமானத்தின் உட்புற அகலம் சுமார் 5.9 மீட்டர்; ஏர்பஸ் ஏ350 விமானத்தின் அகலம் சுமார் 5.6 மீட்டர்தான். ஆயினும் ஏ350 விமானத்தில் பெரும்பாலும் வரிசைக்கு ஒன்பது இருக்கைகளே என்பதால் ஓர் இருக்கை ஏறத்தாழ 18 அங்குலம் கிடைக்கிறது. பத்து இருக்கைகள் போட்ட 777இல் அது 17 அங்குலமாகக் குறைந்துவிடுகிறது. ஓர் அங்குலம்தானே என்று தோன்றலாம். ஆனால் 15 மணி நேரம் பக்கத்தில் இருப்பவரின் தோளோடு உரசிக்கொண்டிருக்கும்போது அதன் அருமை தெரியும். ஏர்பஸ் ஏ330 விமானத்தில் பொதுவாக இரண்டு, நான்கு, இரண்டு என்ற அமைப்பு இருப்பதால், இருவராகச் செல்பவர்களுக்கு அதுவே எனக்கு மிகப் பிடித்தமானது. ஏ350, போயிங் 787 ஆகியவற்றில் உள்ளே நிலவும் காற்றழுத்தம் சுமார் 6,000 அடி உயரத்துக்கு ஒப்பாகப் பேணப்படுகிறது. பழைய விமானங்களில் அது 8,000 அடி வரை போகும். உயரம் குறையக் காற்றழுத்தம் கூடும் என்பதால், புதிய விமானங்களில் களைப்பு குறைகிறது.

நிறுவனத்தின் இணையதளத்தில் காட்டப்படும் இருக்கை வரைபடம் உண்மையான அளவு விகிதப்படி வரையப்பட்டதாக இருக்காது. சுவரும் கழிவறையும் எங்கே இருக்கின்றன என்பதை அளவோடு வரைந்து காட்டும் ஏரோலோபா போன்ற தளத்தில் உங்கள் விமான வகையை ஒருமுறை சரிபாருங்கள். அம்மாவின் முழங்கால் பற்றி நிறுவனத்துக்குத் தொலைபேசியில் சொல்லி, பயணத்துக்குக் குறைந்தது 48 மணி நேரம் முன்பே அதைப் பதிவில் சேர்க்கச் சொல்லுங்கள். பணம் கொடுத்தாலன்றிக் கிடைக்காத இருக்கையையும் உடல்நிலை கருதிக் கட்டணமின்றி ஒதுக்கித் தர அவர்களால் பல நேரங்களில் முடியும். செக்-இன் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்கு முன், சில நிறுவனங்களில் 48 மணி நேரத்துக்கு முன் திறக்கும். அந்த நிமிடத்தில் மறுபடியும் வரைபடத்தைப் பாருங்கள். கடைசி நேரத்தில் விமானத்தையே மாற்றினால் நீங்கள் தேர்ந்தெடுத்த எஃப், ஜி வேறெங்கோ போயிருக்கலாம். ஒன்பது இருக்கை வரிசை கொண்ட விமானம் வந்தால் எழுத்துகளின் இடமும் மாறும். அப்போது எழுத்தை நம்பாமல், அம்மாவின் வலது கைப்பக்கம் இடைவழி வருகிறதா என்பதை மட்டும் பார்த்து இருக்கையைக் கேட்டு வாங்குங்கள்.