‘வீனஸ்’ பாடிய ஹேக் நகரத்துப் பெண்

கேள்வி: எங்கள் பனியன் கம்பெனிக்குச் சரக்குப் பார்க்க வந்திருந்த நெதர்லாந்து பையர், என் கைப்பேசியில் ஒலித்த ‘வீனஸ்’ பாடலைக் கேட்டுவிட்டு, “இது எங்கள் ஊர்ப் பாட்டு” என்றார். பனானராமா என்ற இங்கிலாந்துக் குழுவின் பாட்டு என்றல்லவா நான் எண்ணியிருந்தேன்? எது சரி, ஐயா?
– வாசகி, பல்லடம்

பதில்: உங்கள் பையர் சொன்னதுதான் சரி. பனானராமா 1986இல் பாடியது மறுபதிப்பு. அதன் மூலத்தை 1969இல் வெளியிட்டது நெதர்லாந்தின் ஹேக் நகரத்துக் குழுவான ஷாக்கிங் புளூ. பாடியவர் மரிஸ்கா வெரெஸ். 1947 அக்டோபர் 1 அன்று அதே ஹேக் நகரில் பிறந்தவர் அவர். அவருடைய தந்தை லாயோஷ் வெரெஸ், ஹங்கேரியிலிருந்து வந்த ரோமா இனத்து வயலின் கலைஞர். நம் பக்கத்து உடுக்கடிப் பாடகர்களின் பிள்ளைகள் அப்பனுக்குப் பின்பாட்டுப் பாடியே பாட்டுக் கற்றுக்கொள்வதைப் போல, மரிஸ்காவும் தந்தையின் இசைக்குழுவோடு பாடிப் பழகியவர்தான்.

ஷாக்கிங் புளூவைத் தொடங்கிய கிதார் கலைஞர் ராபி வான் லீவன், முதலில் ஓர் ஆண் பாடகரை வைத்துத்தான் குழுவை நடத்தினார். 1968இல் மரிஸ்கா வந்து சேர்ந்த பிறகே குழுவுக்கு அடையாளமாக ஒரு குரல் கிடைத்தது. ‘வீனஸ்’ பாடலை எழுதியவரும் ராபிதான்; ஆனால் மெட்டு முழுவதும் அவருடைய சொந்தச் சரக்கு என்று சொல்ல முடியாது, ஏனெனில் பிக் 3 என்ற அமெரிக்கக் குழு 1963இல் வெளியிட்ட ஒரு பாட்டின் சாயல் அதில் பளிச்சென்று தெரிகிறது. ராபி எழுதிக் கொடுத்த தாளில் ஓர் எழுத்துப் பிழையும் இருந்தது. தெய்வப் பெண்ணைக் குறிக்கும் ‘காடஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லின் நடுவே தவறுதலாக ஓர் எழுத்து நுழைந்திருக்க, ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத மரிஸ்கா அதை எழுதியிருந்தபடியே ‘காட்னஸ்’ என்று பாடிவிட்டார். இன்று மூலப் பதிவைப் போட்டு முதல் அடியைக் கூர்ந்து கேளுங்கள்; அந்த ‘ன’ உங்கள் காதிலும் விழும். ஆனாலும் அந்தக் கனத்த, தயக்கமே இல்லாத குரல் பிழையையும் நம்ப வைத்துவிடுகிறது.

உள்ளூர் மாடு விலைபோகாது என்று நம் சந்தைகளில் சொல்வார்களே, இந்தப் பாட்டுக்கும் அதுதான் நடந்தது. நெதர்லாந்தில் மூன்றாம் இடத்தோடு நின்ற பாடல், 1970 பிப்ரவரியில் அமெரிக்காவின் பில்போர்டு என்ற பாடல் தரவரிசைப் பட்டியலில் முதலிடத்துக்குச் சென்றது. நெதர்லாந்துக் குழு ஒன்று அந்த இடத்தைப் பிடித்தது அதுவே முதல் முறை. பதினாறு ஆண்டுகள் கழித்து நீங்கள் கேட்ட பனானராமாவின் பதிப்பும் அதே பட்டியலில் அதே இடத்தைப் பிடித்தது.

கேள்வி: அக்குழுவின் பாடல்களில் சித்தார் ஒலிக்கிறதாமே, உண்மையா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: உண்மைதான். அறுபதுகளின் பிற்பகுதியில் மேலைநாட்டுக் குழுக்கள் பலவற்றுக்குச் சித்தார் மோகம் பிடித்திருந்தது. பெரும்பாலோர் அதை ஊறுகாய் அளவுக்குத் தொட்டுக்கொண்டார்கள் என்பது என் எண்ணம். ஆனால் ‘லவ் பஸ்’ பாடலில் ராபியின் சித்தார் பாட்டோடு நன்றாகவே இழைகிறது. அமெரிக்க ராக் குழுவான நிர்வாணா 1988இல் தன் முதல் தனிப்பாடலாக வெளியிட்டது இதே ‘லவ் பஸ்’ஸைத்தான்.

கேள்வி: இவ்வளவு புகழ் பெற்ற மரிஸ்கா பிறகு என்ன ஆனார்? படத்தில் பார்த்தால் துணிச்சல்காரியாகத் தெரிகிறாரே!
– ஓய்வு பெற்ற ஆசிரியர், கோபிசெட்டிபாளையம்

பதில்: படத்தை நம்பாதீர்கள், ஐயா. கண்ணைச் சுற்றி அடர்ந்த மை மேடைக்காகத் தீட்டியது. இடுப்பைத் தொட்ட கருங்கூந்தல் சவுரி. மதுவும் புகையும் தொடாத, கூச்ச இயல்புள்ள பெண் அவர். 1974இல் குழு கலைந்த பிறகு தனித்துப் பாடி வெளியிட்டவை பெரிதாக எடுபடவில்லை. அதற்கு அவர் குரலைக் குறை சொல்வதற்கில்லை. அந்தக் குரலின் அளவறிந்து பாட்டு எழுதிய ராபி பக்கத்தில் இல்லை என்பதே காரணம் என்று நினைக்கிறேன். 1993இல் ஒரு ஜாஸ் குழுவோடு இசைத்தட்டு வெளியிட்டார். பழைய குழுவின் பெயரில் மீண்டும் மேடையேறி ‘வீனஸ்’ பாடினார். 2003இல் ஆந்த்ரே செர்பான் என்ற இசைக்கலைஞருடன் சேர்ந்து ‘ஜிப்சி ஹார்ட்’ என்ற தொகுப்பைத் தந்தார். சிறு வயதில் தந்தையின் வயலினோடு பழகிய இசைக்கே அதில் திரும்பியிருந்தார். புற்றுநோயால் 2006 டிசம்பர் 2 அன்று, ஐம்பத்தொன்பதாம் வயதில், பிறந்த ஹேக் நகரிலேயே காலமானார்.